மரத்தில் மாட்டிய மாடல் ராக்கெட்டை இறக்குவது எப்படி? தரையில் நின்றே செய்வதற்கான முழு வழிகாட்டி

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வட கரோலினாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் விளையாட்டு மைதானம். மகள் தன் கையால் ஒட்டி முடித்த முதல் ராக்கெட், எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 3. ஒரு அடி நீளம், 34 கிராம் எடை. நான் அதில் சி6-5 மோட்டாரைச் செருகினேன் (ஒருமுறை மட்டும் எரியும் மருந்துக் குழாய்; ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏறச் சக்தி கூடும்). ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி அவள் பொத்தானை அழுத்தினாள். சீறிக்கொண்டு போய்ப் புள்ளியாகச் சுருங்கி, அங்கே பாராசூட் விரிந்தது. இருவரும் கைதட்டினோம். அப்புறம்தான் கவனித்தேன்: ராக்கெட் கீழே வருவதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. மைதானத்தைத் தாண்டி, ஓரத்து லாப்லாலி பைன் மரங்களில் உயரமான ஒன்றின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அப்பா, அது தானா கீழ வந்துடுமா?"

வரவில்லை. அன்று நான் செய்ததெல்லாம் தப்பு. பந்தை எறிந்தேன், கிளையில் பட்டு பாராசூட் நூல் இன்னும் இறுகியது. அடிமரத்தைப் பிடித்துத் தள்ளினேன். எழுபது அடி பைன் மரம் மனிதன் தள்ளி அசையாது. ஏணி கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டுவிட்டு அவர் தர மறுத்தது என் நல்ல காலம்.

அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் எங்களுடையது, ராக்கெட் கிளப் நண்பர்களுடையது என்று இருபதுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை மரத்திலிருந்து இறக்கியிருக்கிறேன். ஒருமுறைகூட மரம் ஏறவில்லை. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி, புளியம்பழம் உலுக்குகிற விதம், கவண். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்த மூன்றையும் கொஞ்சம் திருத்தினால் பெரும்பாலான ராக்கெட்டுகள் இறங்கிவிடும். மிச்சத்துக்குப் பொறுமை வேண்டும்.

முதலில் ஒரு விதி

அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டரி சங்கம் வைத்திருக்கும் மாடல் ராக்கெட் பாதுகாப்பு விதிகளில் ஒன்று, மின்கம்பி, உயர்ந்த மரம் போன்ற ஆபத்தான இடங்களிலிருந்து ராக்கெட்டை மீட்க முயல மாட்டேன் என்கிறது. எஸ்டெஸ் கிட் வாங்கினால் உள்ளே இருக்கும் காகிதத்திலும் இதைப் பார்க்கலாம். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எனக்கு இதன் பொருள் இதுதான்: என் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஏணி, கார் கூரை, இன்னொருவர் தோள் எல்லாமே இதில் அடங்கும். தரையில் நின்று, கிளைக்கு நேர் கீழே நிற்காமல் செய்ய முடிந்தால் செய்வேன். முடியாதென்றால் விட்டுவிடுவேன். கிளப் நடத்தும் நிகழ்ச்சியென்றால் அன்றைய பொறுப்பாளர் "விட்டுடுங்க" என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

என் மகள் இதை ஏற்கவில்லை. பள்ளியில் ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைப் பற்றிப் படித்திருந்தாள். 1899 அக்டோபர் 19 அன்று, 17 வயதில், மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் அவர் ஒரு செர்ரி மரத்தில் ஏறினார். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் செவ்வாய்க்குப் போகும் கருவி ஒன்றை மனதில் கண்டார். வாழ்நாள் முழுவதும் அந்தத் தேதியைத் தன் ஆண்டுவிழாவாகவே நினைத்துக்கொண்டார். "அவர் மட்டும் ஏறலாமா?" என்றாள். அவர் ஏறியது பட்ட கிளைகளை வெட்ட, அதுவும் வீட்டுத் தோட்டத்து செர்ரி மரத்தில். பைன் மரத்தில் முதல் நாற்பது அடிக்குப் பிடிக்கக் கிளையே இருக்காது. அதற்கு மேல் இருப்பவற்றில் எது பச்சை, எது பட்டது என்று கீழேயிருந்து தெரியாது. இதைச் சொன்னதும் அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

படி 1: மாட்டியவுடன் செய்ய வேண்டியவை

உடனே ஓடாதீர்கள். ராக்கெட் இறங்கும்போதே ஒருவர் நின்ற இடத்திலேயே நின்று, கை நீட்டி அந்தத் திசையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் நடக்க வேண்டும். மரத்தடிக்குப் போய்விட்டால் எல்லா மரமும் ஒன்று போலத்தான் தெரியும். தூரத்தில் நின்ற இடத்திலிருந்து ஒரு படம், மரத்தடியிலிருந்து ஒரு படம், கைபேசி வரைபடத்தில் ஒரு குறி. அடிமரத்தில் ஒரு நிறத் துணியைக் கட்டினால் அடுத்த வாரம் வந்து தேட வேண்டியதில்லை.

பாராசூட் விரிந்து வந்து மாட்டியதா, விரியாமலே மரத்தில் மோதியதா என்று பாருங்கள். மோட்டார் குறியீட்டின் கடைசி எண் தாமத நொடிகளைச் சொல்லும். சி6-5 என்றால் உந்துவிசை முடிந்து ஐந்து நொடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும். நோஸ் கோன், அதாவது கூம்பு மூக்கு, இன்னும் ராக்கெட்டின் தலையிலேயே இருந்தால் ஒரு நிமிடமாவது விலகி நில்லுங்கள். பைன் மரத்தடியில் உதிர்ந்த ஊசியிலைகள் காய்ந்து மெத்தையாகக் கிடக்கும். அதில் புகையோ கருகல் வாடையோ இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்க ராக்கெட்டுக்குள் தீப்பிடிக்காத வாடிங் காகிதத்தை மட்டுமே வைக்க வேண்டும் என்ற விதியின் அருமை அப்போது புரியும்.

அடுத்து மின்கம்பி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளின்படி பயிற்சி இல்லாதவர், 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கையில் பிடித்திருக்கும் கம்பத்துக்கும் அதே தூரம். நான் வைத்திருக்கும் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது: கம்பமோ கயிறோ எந்தப் பக்கம் சரிந்தாலும் கம்பியை எட்ட முடியாத இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ராக்கெட் கம்பியிலேயே தொங்கினால் மின் நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மரம் யாருடையது என்றும் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் கதவைத் தட்டி, ராக்கெட்டின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். கூடவே குழந்தை நின்றால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. வசந்த காலத்தில் அந்தக் கிளையில் கூடு இருந்தால் தொடவே கூடாது. முட்டையோ குஞ்சோ இருக்கும் கூடுகளை 1918-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இங்கே காக்கிறது. குஞ்சுகள் பறந்து போகும்வரை ராக்கெட் காத்திருக்கும்.

இந்தப் பகுதியில் இன்னும் மூன்று தொல்லைகள் உண்டு: காப்பர்ஹெட் பாம்பு, உண்ணி, பாய்சன் ஐவி. முதல் இரண்டுக்கும் உயரக் காலணி, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க ஒரு சோதனை. பாய்சன் ஐவியைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மூன்று மூன்றாக இலை விடும் கொடி. மரத்தில் ஏறிவிட்டால் தண்டில் பழுப்பு மயிர் முளைத்தது போல இருக்கும். குளிர்காலத்தில் இலையில்லாத போதும் அந்தத் தண்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கயிறு அதன்மேல் உரசினால் எண்ணெய் கயிற்றில் ஒட்டி, கயிற்றைப் பிடித்த கைக்கு வரும். கையுறை போடுங்கள், கயிற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

படி 2: உயரத்தை அளந்து, மாட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள்

உயரம் தெரியாமல் கருவி எடுப்பதில் பயனில்லை. ஒரு குச்சியை எடுத்துக் கையை நேராக நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து கை எவ்வளவு தூரமோ, கைக்கு மேலே குச்சியும் அதே நீளம் இருக்க வேண்டும். இப்போது மரத்தைப் பார்த்தபடி பின்னால் நடங்கள். உங்கள் கை மரத்தின் அடியையும் குச்சியின் நுனி ராக்கெட்டையும் மறைக்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம்வரை எத்தனை அடியோ, ராக்கெட்டும் ஏறக்குறைய அத்தனை அடி உயரத்தில் இருக்கிறது. தரை சமமாக இருந்தால் இது நன்றாகவே ஒத்துவரும்.

இனி பைனாகுலரை எடுத்து, எது எதில் சிக்கியிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். நான் இதற்குப் பத்து நிமிடம் செலவழிப்பேன். பாராசூட் துணி கிளைமேல் போர்த்தியபடி கிடக்கிறதா? நூல்கள் சுள்ளியைச் சுற்றியிருக்கின்றனவா? ராக்கெட்டையும் பாராசூட்டையும் இணைக்கும் ரப்பர் நாடாவான ஷாக் கார்டு, கிளையின் இந்தப் பக்கம் ராக்கெட்டும் அந்தப் பக்கம் பாராசூட்டுமாகத் தொங்குகிறதா? கடைசி வகை எளிது. லேசான பக்கத்தைத் தூக்கிவிட்டால் கனமான பக்கம் இழுத்துக்கொண்டு வரும். நூல் சுற்றியதுதான் கடினம். அப்போது பாராசூட்டைத் தியாகம் செய்ய மனதளவில் தயாராகிவிடுங்கள். ராக்கெட்டை உருவாக்க நாள்கணக்கில் ஆகும், பாராசூட்டை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

படி 3: முப்பது அடி வரை, தொரட்டி

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீட்டிக் கம்பம் இதற்குப் போதும். 24 அடி வரை நீளும் ஃபைபர்கிளாஸ் கம்பங்கள் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் உயரத்தையும் சேர்த்தால் முப்பது அடி எட்டும். அலுமினியம் வேண்டாம், மின்சாரம் பாயும். நுனியில் கெட்டியான கம்பியை வளைத்து ஒரு கொக்கி. கொக்கியின் வாய் விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும்; அகலமாக இருந்தால் அதுவே கிளையில் மாட்டிக்கொள்ளும். கம்பம் முழுதாக நீண்டபின் நுனி ஆடும். ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று "இடது, இன்னும் இடது, மேலே" என்று சொல்ல வேண்டும். கீழே நிற்பவருக்கு ஆழம் தெரியாது.

கொக்கி நூலில் மாட்டியதும் எல்லோரும் செய்வது கீழே இழுப்பது. அதைச் செய்யாதீர்கள். கிளை பிரியும் இடத்தைப் பாருங்கள்: கவை எப்போதும் கிளை நுனியைப் பார்த்துத் திறந்திருக்கும். நூலைக் கீழ்ப்பக்கமோ அடிமரத்தின் பக்கமோ இழுத்தால் கவையின் இடுக்கில் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். முதலில் மேலே தூக்குங்கள், அப்புறம் நுனிப்பக்கமாகத் தள்ளுங்கள். வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவது போல. முருங்கைக்காய் பறிக்கும்போது முறுக்கி இழுப்போம் இல்லையா, அந்த முறுக்கு கடைசியாகத்தான். தூக்கித் தள்ளியும் வரவில்லையென்றால் நூல்களைக் கொக்கியில் சுற்றும்படி கம்பத்தைத் திருகுங்கள். நாலைந்து சுற்றில் நூல்கள் ஒன்றாகத் திரளும். அப்போது இழுத்தால் நூல் அறும், அல்லது சுள்ளி முறியும், ராக்கெட் கையில் இருக்கும்.

நான் முதன்முதலாக இறக்கியது ஓக் மரத்தில் இருபத்தைந்தடி உயரத்தில் மாட்டிய, பிக் பெர்த்தா என்ற பருமனான ராக்கெட்டை. அரைமணி நேரம் கீழே இழுத்தோம். கிளப்பில் வயதான ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கம்பத்தை வாங்கி, பாராசூட்டை அடியிலிருந்து ஒரு சாண் தூக்கினார். அவ்வளவுதான், தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

படி 4: முப்பதிலிருந்து அறுபது அடி, த்ரோ லைன்

இங்கிருந்து நீங்கள் ராக்கெட்டைத் தொடப் போவதில்லை, கிளையைத்தான் ஆட்டப் போகிறீர்கள். மரம் வெட்டும் தொழிலாளர்கள் உயரத்துக் கிளைமேல் கயிறு போட வைத்திருக்கும் சாமான்தான் கருவி: வழவழப்பான இரண்டு மில்லிமீட்டர் கயிறு 150 அடிக்கு மேல், அதன் முனையில் ஈயக்குண்டு நிரப்பிய சின்னப் பை. பை 8 முதல் 16 அவுன்ஸ் வரை வரும். கையால் எறிய 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம், எனக்குச் சரியாக இருக்கிறது. தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளாமல் இதைத் தொடாதீர்கள்.

கயிற்றைத் தரையில் கொட்டினால் இலையும் குச்சியும் சேர்ந்து சிக்கும். துணி துவைக்கும் கூடைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நிரப்புங்கள். எறியும்போது சிக்காமல் ஓடும்.

எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. ராக்கெட் மாட்டிய அதே கிளை, ஆனால் பாராசூட்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி. பாராசூட்டின் மேலேயே கயிறு விழுந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். அடிமரத்துக்கு அருகே போட்டால் கிளை அசையாது. நுனியில் போட்டால் சுள்ளி வளைந்து கயிறு நழுவிவிடும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத பச்சைக் கிளையாக இருக்கட்டும். பட்ட கிளையென்றால் அது முறிந்து உங்கள்மேல்தான் வரும்.

பையை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆட்டி, மூன்றாவது ஆட்டத்தில் விடுங்கள். பத்து முறையில் ஒருமுறை சரியாக விழும், முதல் நாளில் இருபதில் ஒருமுறை. வீட்டுக் கொல்லையில் ஒரு மாலை பழகிவிட்டுப் போங்கள். தவறிய கயிற்றைத் திரும்ப இழுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கிளையில் தடுக்கி நிற்கும் பை விடுபட்டால் நேராக முகத்தை நோக்கித்தான் வரும். பக்கவாட்டில் நின்று மெதுவாக இழுங்கள். எப்போதும் பை தரைக்கு வந்தபின் அதை அவிழ்த்துவிட்டு, வெறும் கயிற்றை மட்டும் கிளைமேல் இழுத்துக்கொள்வது நல்லது. பையோடு இழுத்தால் கவையில் மாட்டிக்கொள்ளும்.

கயிறு சரியான இடத்தில் விழுந்து பையும் தரைக்கு வந்துவிட்டது. சரி, இப்போது பையை அவிழ்த்துவிட்டு அந்த முனையில் பென்சில் பருமன் கயிற்றைக் கட்டுங்கள். முடிச்சின்மேல் டேப் சுற்றினால் கிளையில் தடுக்காது. மறுமுனையிலிருந்து இழுத்துத் தடித்த கயிற்றை மேலே ஏற்றுங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, கிளைக்கு நேர் கீழே இல்லாமல் எதிரெதிர்ப் பக்கமாக இருபதடி தள்ளி நில்லுங்கள்.

புளிய மரம் உலுக்குவதைப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். பலமாக இழுத்துக்கொண்டே நிற்பதில் ஒன்றும் ஆகாது. இழுத்து, சட்டென்று விட வேண்டும். விட்ட நொடியில் கிளை மேல்நோக்கித் துள்ளும். அந்தத் துள்ளல்தான் பாராசூட்டைக் கிளையிலிருந்து கிளப்பும். கிளைக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அது தானாக ஆடி அடங்கும் வேகத்தைக் கவனித்து, அதோடு சேர்ந்து இழுங்கள், விடுங்கள். ஐந்தாறு முறையில் ஆட்டம் பெரிதாகும். பிறகு நின்று பாருங்கள், எதுவும் நகர்ந்திருக்கிறதா என்று. என் அனுபவத்தில் ராக்கெட் ஒரே அடியாக விழுவதில்லை. ஒரு கிளை கீழே இறங்கும், அங்கே மாட்டும், அப்புறம் அந்தக் கிளைக்கு மறுபடி கயிறு. ட்யூலிப் பாப்லர் மரம் ஒன்றில் நான்கு கிளை இறங்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. மூன்றாவது கிளைக்கு வந்ததும் தொரட்டி எட்டிவிட்டது.

படி 5: அறுபதுக்கு மேல், கவண்

கையெறி எட்டாத உயரத்துக்கு இரண்டு வகைக் கவண் உண்டு. ஒன்று, மரத் தொழிலாளர்களின் பிக்‌ஷாட்: எட்டடிக் கம்பத்தின் தலையில் பெரிய ரப்பர் கவண். அதே ஈயப் பையை நூறடிக்கு அனுப்பும். விலை அதிகம், கிளப்புகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். மற்றொன்று, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆன்டெனா கம்பியை மரத்தில் ஏற்றப் பயன்படுத்துவது: கைக்கவணில் தூண்டில் ரீலைப் பொருத்தி, ஒரு அவுன்ஸ் ஈயக் குண்டைத் தூண்டில் நரம்போடு எய்வது.

இரண்டாவது வகையில் நரம்பு கிளையைத் தாண்டி வந்ததும் வேலை முடியவில்லை. நரம்பால் கிளையை உலுக்க முடியாது. பட்டையை அறுத்துக்கொண்டு அங்கேயே பதியும். நரம்பில் கொத்தனார் மட்டம் பிடிக்கும் நைலான் நூலைக் கட்டி இழுக்க வேண்டும், அந்த நூலில் தடித்த கயிற்றை. ஒல்லியிலிருந்து தடிமனுக்கு மூன்று கட்டம். அவசரப்பட்டு ஒரு கட்டத்தைத் தாண்டினால் நரம்பு அறுந்துவிடும். அறுந்த நரம்பை மரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொண்டால் அவற்றால் மீள முடியாது. எவ்வளவு நேரமானாலும் எட்டும் வரை இழுத்து எடுத்து, பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

எய்யும் திசையில் முந்நூறு அடிக்கு ஆளோ சாலையோ வீட்டு ஜன்னலோ இருக்கக் கூடாது. குண்டு கிளையில் படாமல் போனால் வெகுதூரம் போகும். குழந்தைகள் எய்பவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் கவணை மகள் தொடுவதில்லை. பைனாகுலர் அவள் பொறுப்பு.

வில்லும் அம்பும் வைத்து நரம்பு ஏற்றுபவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, சொல்லித் தரவும் மாட்டேன். தவறிய அம்பு எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரோனைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேலிருந்து எடுத்த ஒரு படம் கீழிருந்து பத்து நிமிடம் பார்ப்பதைவிட நிறையச் சொல்லும். கொக்கி கட்டி இழுக்கப் போனால் பாராசூட் நூல் விசிறியில் சுற்றி டிரோனும் மேலேயே தங்கிவிடும்.

படி 6: எதுவும் பலிக்காதபோது

காற்றுக்கு விட்டுவிடுங்கள். இதைத் தோல்வியாக நான் நினைப்பதில்லை. மேற்குக் காற்றில் மாட்டிய பாராசூட், காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் நாளில் மறுபடி உப்பித் தானே கழன்று வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓக், பாப்லர் மரங்களில் நவம்பர் கடைசிக்குள் இலை கொட்டிவிடும். கோடையில் கண்ணுக்கே தெரியாத ராக்கெட் அப்போது பளிச்சென்று தெரியும், கயிறு போடுவதும் எளிதாகும். அதற்காகத்தான் ராக்கெட்டின் உடம்பில் அழியாத மையால் கைபேசி எண்ணை எழுதி வைக்கச் சொல்கிறேன். எங்கள் ராக்கெட் ஒன்று இரண்டு மாதம் கழித்து, நாய் நடத்த வந்த ஒருவரின் குறுஞ்செய்தியாகத்தான் திரும்பி வந்தது.

உள்ளே விலையுள்ள ஆல்டிமீட்டரோ (உயரமானி) கேமராவோ இருந்தால் மட்டும், மரம் ஏறுவதையே தொழிலாகக் கொண்டவரைக் கூப்பிடுங்கள். சான்றிதழும் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. சாதாரண கிட்டுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

மரத்தில் அது காத்திருக்கும்போது, அடுத்த ஏவலுக்கு ஒரு கணக்கு

மாட்டிய ராக்கெட்டைப் பார்த்து மகள் அழுதுகொண்டிருந்த அன்றிரவு நான் இதை உட்கார்ந்து போட்டேன். பன்னிரண்டு அங்குலப் பாராசூட்டில் ஆல்ஃபா நொடிக்குச் சுமார் 12 அடி இறங்கும். 600 அடியிலிருந்து வந்தால் 50 நொடி காற்றில். மணிக்கு 10 மைல் காற்று என்பது நொடிக்கு கிட்டத்தட்ட 15 அடி. ஆக 50 நொடியில் 700 அடிக்கு மேல் தள்ளிப்போகும். அமெரிக்கக் கால்பந்து மைதானம் மொத்தமே 360 அடி நீளம். நான் போட்ட சி மோட்டாரோ ஆயிரம் அடிக்கு அனுப்பியிருந்தது. அந்த ராக்கெட் மைதானத்துக்குள் விழ வாய்ப்பே இருந்திருக்கவில்லை.

பாதுகாப்பு விதிகள் 20 மைல் காற்று வரை அனுமதிக்கின்றன. ஏ மோட்டாருக்கு 100 அடி, பி-க்கு 200, சி-க்கு 400 அடி மைதானம் குறைந்தபட்சம் என்கின்றன. அது பாதுகாப்புக்கான எல்லை. ராக்கெட் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் இன்னும் இறுக்கமாக இருங்கள். காற்று அடங்கியிருக்கும் காலை எட்டு மணிக்குப் போங்கள். முதல் ஏவல் எப்போதும் ஏ மோட்டாரில். லாஞ்ச் பேடை (ஏவுமேடையை) மைதானத்தின் நடுவில் வைக்காமல், காற்று வரும் பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்; அந்த ஓரத்திலும் மரம் இருந்தால் சற்று உள்ளே.

வேகமாக இறக்குவதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தருவது. பாராசூட் நடுவில் அச்சிட்டிருக்கும் வட்டத்தை வெட்டி எடுங்கள். அதுவும் போதாதென்றால் நூல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதி நீளத்தில் டேப் சுற்றுங்கள், குடை முழுதாக விரியாது. ஆல்ஃபா போன்ற லேசான ராக்கெட்டுக்குப் பாராசூட்டை எடுத்துவிட்டு நீளமான ரிப்பனே போடலாம். புல்தரையில் ஒன்றும் ஆகாது. கிளையில் சிக்கினாலும் ரிப்பன் எளிதில் வழுக்கி வரும். பெரிய ராக்கெட் விடுகிறவர்கள் ஜாலி லாஜிக் நிறுவனத்தின் ச்சூட் ரிலீஸ் என்ற சின்னக் கருவியைப் பாருங்கள். பாராசூட்டை ரப்பர் பேண்டால் கட்டிவைத்து, நீங்கள் சொல்லும் உயரத்துக்கு, 100 அடிக்குக்கூட, இறங்கிய பிறகுதான் அவிழ்த்துவிடும். ஒல்லியான ஆல்ஃபாவுக்குள் நுழையாது, பிக் பெர்த்தா பருமன் வேண்டும்.

படி 7: கீழே வந்த ராக்கெட்டைப் பார்ப்பது

உடனே மோட்டார் போட்டுப் பறக்கவிடாதீர்கள். ஷாக் கார்டை நீட்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் சின்னச் சின்ன வெடிப்போடு இருக்கும், அடுத்த ஏவலில் அறும். மாற்றிவிடுங்கள். ஃபின்களை, அதாவது வால் இறக்கைகளை, ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் மரப்பசை தடவி ஒரு இரவு காயவிடுங்கள். பால்சா என்ற லேசான மரத்தில் செய்த ஃபின் மழையில் முறுக்கிக்கொண்டிருந்தால் திருத்த முயலாமல் புதிதாக வெட்டுவது மேல். நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாராசூட்டை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்கள். உள்ளே எரிந்து முடிந்த மோட்டார் கூடு ஊதி இறுகியிருக்கும். காகிதக் குழாய் நன்றாகக் காய்ந்த பிறகு திருகி எடுத்தால் வரும்.

பைன் மரத்து ஆல்ஃபா பத்து மாதம் மேலேயே இருந்தது. அடுத்த வருடம் பிப்ரவரியில் பனிக்கட்டி மழை பெய்து, ஊர் முழுக்கப் பைன் கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. மறுநாள் மகளோடு மைதானத்துக்குப் போனேன். மரத்தடியில் முறிந்து கிடந்த கிளையில், கண்ணாடி போன்ற பனிக்குள் அது இருந்தது. பாராசூட் வெளுத்துக் கிழிந்திருந்தது. காகிதக் குழாய் ஊறிப் பிரிந்து, விரலால் தொட்டதும் சுருள் சுருளாக வந்தது. பிளாஸ்டிக் நோஸ் கோனுக்கும் ஃபின் தொகுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் அதே பருமனில் புதுக் குழாய் வாங்கி, பழைய மூக்கையும் வாலையும் அதில் மாட்டினோம். ரிப்பன், ஏ8-3 மோட்டார், காலை எட்டு மணி. லாஞ்ச் பேடிலிருந்து அறுபதடியில் விழுந்தது. அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.